எந்தேலா ஏறிய கோபுரம்

பொலோன்யாவில் படிக்கிற யாரும் பட்டம் வாங்குவதற்கு முன் அசினெல்லி கோபுரத்தில் ஏற மாட்டார்கள். ஏறினால் பட்டம் கைக்கு வராது. யார் சொன்னது, என்ன ஆதாரம் என்றெல்லாம் கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். கடவுளே இல்லை என்று மேஜையைத் தட்டிப் பேசுகிற தத்துவ மாணவனும் ஏற மாட்டான், பேராசிரியரின் மகளும் ஏற மாட்டாள். அந்தக் கோபுரத்தின் நிழலில் காபி குடிப்பார்கள், காதலிப்பார்கள், முகத்தில் முழிக்காதே என்று சண்டை போட்டுப் பிரிவார்கள். படியில் மட்டும் கால் வைக்க மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே அடுத்த வகுப்புக்கு நடையைக் கட்டுவார்கள்.

எந்தேலாவும் ஐந்து வருஷமாக அப்படித்தான் நடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். சொந்த ஊர் அல்பேனியாவில் கொர்ச்சா. அப்பா தலைநகருக்கும் ஊருக்கும் இடையே வேன் ஓட்டுகிறார். அம்மா வேலை செய்யும் தொழிற்சாலையில் ஷூவின் மேல்தோலை மட்டும் தைப்பார்கள். அடிப்பாகம் இத்தாலியில் சேரும். இருபது வருஷமாக இத்தாலிக்காரர்களின் காலுக்குத் தைத்த அந்த அம்மா இத்தாலியை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. மகள் அங்கே போய் மருந்தாக்கவியல் படிக்கிறாள் என்பதை மட்டும் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தார்.

வந்த புதிதில் எந்தேலாவுக்கு இத்தாலிய மொழி தொலைக்காட்சியில் கேட்ட அளவுக்குத்தான் தெரியும். வேதியியல் வாய்மொழித் தேர்வில் நாக்கு ஒட்டிக்கொண்டு, இன்னொரு நாள் வா என்று திருப்பி அனுப்பப்பட்டாள். சனி, ஞாயிறுகளில் ஐஸ்கிரீம் கடையில் நின்று, தேர்வுக் காலத்தில் நூலகத்தில் கிடந்து, ஒவ்வொரு பாடமாகக் கரையேறினாள். அவள் பேசும் இத்தாலிய மொழியில் இப்போது குறை கண்டுபிடிக்க முடியாது. இருந்தாலும் கடைக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர், "நல்லா பேசறியேம்மா! எந்த ஊரு?" என்று கேட்டுவிடுவார். அல்பேனியா என்றதும் அவர் முகம் அரை அங்குலம் பின்னால் போகும். அதற்கு அவள் பழகிவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கெல்லாம் யாரும் பழகுவதில்லை.

அந்த வருஷம் அவளுடைய வீட்டுக்கு ஒரு வருஷப் பரிமாற்ற மாணவர்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். மாயெல், பிரெஞ்சுக்காரி, நாந்து நகரத்திலிருந்து வந்தவள். இக்கேர், ஸ்பெயினின் பில்பாவோ பையன். நாலாவது அறையில் ஏற்கெனவே இலேனியா இருந்தாள். இத்தாலியின் தெற்கே ஃபோஜாவிலிருந்து வந்து எந்தேலாவோடு நான்கு வருஷமாக ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் சட்ட மாணவி. இருவரும் ஒரே தட்டில் பாஸ்தா தின்றவர்கள். ஒருத்தி அழுதால் மற்றவள் தூங்க மாட்டாள். அப்படித்தான் எந்தேலா நினைத்திருந்தாள்.

ஒரு வருஷத்துக்கு வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் ஒரு திருவிழா. அவர்களுக்குத் தேர்வு என்பது ஊர் சுற்றுவதற்கு நடுவே வரும் இடைஞ்சல். செப்டம்பரில் வந்து இறங்கினார்கள். அக்டோபரிலேயே "நம்ம பொலோன்யா" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களை யாரும் எந்த ஊர் என்று கேட்டு முகத்தைப் பின்னால் இழுக்கவில்லை. ஊரைச் சுற்றிக் காட்டும் வேலை மட்டும் எந்தேலாவின் தலையில் விழுந்தது. பியெல்லா தெருவின் சின்ன ஜன்னலைத் திறந்து உள்ளே ஓடும் கால்வாயைக் காட்டினாள். சதுக்கத்து வளைவின் ஒரு மூலையில் மாயெலை நிற்க வைத்து, எதிர் மூலையிலிருந்து தான் சுவரோடு கிசுகிசுத்தது அவள் காதில் விழுவதைக் காட்டினாள். சான் லூக்கா கோயில் வரை மேலேறும் வளைவு மண்டபங்களின் வழியே, காய்ச்சல் விட்ட மறுநாள், அவர்களோடு நடந்தாள். இக்கேருக்கு எல்லா இடத்திலும் படம் வேண்டும். படத்தில் அவனும் மாயெலும் இருப்பார்கள். எடுத்துத் தருகிறவள் எந்தேலா.

ஜூலை வந்தது. எந்தேலாவின் ஆய்வேட்டைப் பேராசிரியர் குழு கேட்டுப் பட்டம் அறிவிக்கும் நாள் ஒரு வியாழக்கிழமை. அந்த வாரக் கடைசியில் பரிமாற்றக்காரர்கள் ஊர் திரும்புகிறார்கள். போவதற்குள் பார்க்காமல் விட்டதையெல்லாம் பார்த்துத் தீர்ப்பது என்று கிளம்பினார்கள். விட்டுப்போனதில் முதல் இடம் கோபுரத்துக்கு. முந்தைய சனிக்கிழமை மாலை நால்வரும் அதன் அடியில் நின்றார்கள்.

"எந்தேலா, இன்னிக்கு நீயும் வர்ற. சாக்கு சொல்லக் கூடாது" என்றான் இக்கேர்.

"நான் ஏற மாட்டேன்டா. பட்டம் வாங்கிட்டு ஏறுறேன். நீங்க போயிட்டு வாங்க."

"இதெல்லாம் நம்புறியா நீ? மருந்து படிக்கிற பொண்ணு!"

"நம்புறேன்னு சொன்னேனா? ஏற மாட்டேன்னுதான் சொன்னேன்."

மாயெல் அவள் தோளில் கையைப் போட்டாள். "செல்லம், இது உங்க ஊர் பாட்டிங்க சொல்ற கதை மாதிரி இருக்கு. அல்பேனியாவுல இன்னும் இதெல்லாம் இருக்கா?"

"என் ஊர்ல இல்லடி. இந்த ஊர்ல இருக்கு. இலேனியாவைக் கேளு."

இலேனியா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆமாம், இது எங்கள் வழக்கம், நாங்கள் எல்லோரும் இப்படித்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அது சும்மா பசங்க விளையாட்டுக்குச் சொல்றதுப்பா. இவதான் ரொம்ப சீரியஸா எடுத்துக்கிறா" என்று சிரித்தாள். மற்ற இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். எந்தேலாவின் காது மடல் சூடாகியது. ஐந்து வருஷம் இந்த ஊர்க்காரி மாதிரியே வாழ்ந்து, இந்த ஊரின் வழக்கத்தைக் கடைப்பிடித்ததற்கு, அல்பேனியக் கிராமத்துப் பெண் என்ற பெயர்! அன்று யாரும் ஏறவில்லை. டிக்கெட் தீர்ந்துபோயிருந்தது. ஐஸ்கிரீம் சாப்பிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

திங்கட்கிழமை வீட்டில் யாரும் இல்லை. எந்தேலா கண்ணாடிக்கு முன் நின்று ஆய்வேட்டைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் மறுநாள் துர்ரெஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறார்கள். அம்மா புது உடுப்பு வாங்கி, அதைப் படம் பிடித்து அனுப்பி, "வாத்தியாருங்க முன்னாடி இது நல்லா இருக்குமாடி?" என்று கேட்டிருந்தார். வேன் இல்லாமல் அப்பா எங்கேயும் போனதில்லை. மகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க முதல் முறையாகப் பயணியாக வருகிறார்.

ஃபோன் அடித்தது. இலேனியா. மூச்சிரைத்துப் பேசினாள்.

"எந்தேலா, உடனே வாடி! கோபுரத்து உச்சியில... மாயெல் மயங்கி விழுந்துட்டா. இக்கேர் ஃபோன் பண்ணினான். தலையில அடிபட்டிருக்காம். அவளுக்கு அந்த மூச்சுத் தொந்தரவு இருக்குல்ல, உனக்குத்தான் அந்த மருந்தெல்லாம் தெரியும்!"

"ஆம்புலன்ஸ் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டாச்சு, வருது, நீ முதல்ல வா!"

மாயெலுக்கு ஆஸ்துமா இருந்தது உண்மை. மார்ச் மாதத்தில் ஒரு நாள் நீலம் பாரித்துப்போன அவளை முதுகில் தட்டி, மருந்தை உள்ளிழுக்க வைத்து, மூச்சு சீராகும் வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் எந்தேலாதான். மாயெலின் மேஜையிலிருந்து அந்த உள்ளிழுக்கும் மருந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுச் செருப்போடு ஓடினாள். கதவைப் பூட்டினாளா என்பது அவளுக்கே தெரியாது. சான் விதாலே தெருவோர வளைவு மண்டபத்துக்குள் கிழவிகளை இடித்துக்கொண்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டும் ஓடினாள்.

கோபுர வாசலில் இலேனியா நின்றிருந்தாள். கையில் ஒரு டிக்கெட். "இந்தா, ஓடு!"

"நீ?"

"எனக்கு முழங்கால்டி, நான் இங்க ஆம்புலன்ஸைப் பார்த்துக்கறேன். ஓடு!"

வாசல் காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "மெதுவாப் போம்மா, கோபுரம் எங்கேயும் ஓடிடாது" என்றார். மேலே ஒருத்தி விழுந்து கிடக்கும்போது இந்த மனிதர் இப்படிப் பேசுகிறாரே என்று எந்தேலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் படிக்கு முன் அவள் நின்றாள். ஒரே ஒரு கணம்தான். ஆனால் அந்த ஒரு கணத்தில் வியாழக்கிழமை வந்தது, திருப்பி அனுப்பிய வேதியியல் பேராசிரியர் வந்தார், கப்பலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் அம்மா வந்தார்.  நம்புறேன்னு சொன்னேனா என்று இக்கேரிடம் கேட்டவள், இப்போது கண்ணில் நீர் முட்ட நின்றாள். பிறகு, "போனா போகட்டும்" என்று வாய்விட்டே சொல்லிக் கால் வைத்தாள். அவள் நம்பினாளா இல்லையா என்று இனி யாரும் ஆராய வேண்டாம். பட்டம் போனாலும் பரவாயில்லை, தோழி பிழைக்கட்டும் என்று முடிவெடுத்துத்தான் அவள் ஏறினாள்.

அந்தப் படிகள் மரம். நூற்றாண்டுகளாக மிதிபட்டு நடுவில் குழிந்தவை, செங்குத்தானவை. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்ட வேண்டும். "தள்ளுங்க, மேல என் ஃப்ரெண்ட் விழுந்து கிடக்கா!" என்று கத்திக்கொண்டே ஏறினாள். இறங்கி வந்த ஜெர்மன் கிழவர் ஒருவர், "மேலே யாரும் விழலையே" என்று குழம்பினார். அவருக்கு மொழி புரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். செருப்பு ஒன்று கழன்று கீழே உருண்டது. எடுக்கவில்லை. பாதி வழியில் நெஞ்சு வலித்தது, தொடை நடுங்கியது. கையிலிருந்த மருந்துக் குப்பியை விடவில்லை.

உச்சிக்கு வந்து வெயிலில் தலையை நீட்டினாள்.

"சர்ப்ரைஸ்!"

மாயெல் நின்றிருந்தாள். கன்னம் சிவக்க, சிரிப்பு தாங்காமல், கையில் காகிதக் கோப்பையோடு நின்றிருந்தாள். இக்கேர் ஃபோனை எந்தேலாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தான். பையிலிருந்து எட்டிப் பார்த்தது மதுப் புட்டி.

"ஏறிட்டா! எங்க எந்தேலா ஏறிட்டா!" என்று இக்கேர் கத்தினான். "கேமராவைப் பாரு! அஞ்சு வருஷம் கழிச்சு! எப்படி இருக்கு, சொல்லு!"

எந்தேலாவுக்கு உடனே புரியவில்லை. மாயெலின் தலையைத் தொட்டு அடிபட்ட இடத்தைத் தேடினாள். அதைப் பார்த்து இருவரும் இன்னும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. காயத்தைத் தேடுகிற விரலைப் பார்த்துச் சிரிக்க எப்படி வாய் வந்தது!

"உனக்கு... ஒண்ணும் ஆகலையா?"

"இல்ல செல்லம்! நீ வேற எப்படி ஏறுவ? உனக்காகத்தான் இவ்வளவும். எங்களோட கடைசி ஞாபகமா இருக்கட்டும்னு. பாரு, ஊரு எவ்வளவு அழகா இருக்கு!"

எந்தேலா ஊரைப் பார்க்கவில்லை. இக்கேரின் கையிலிருந்த ஃபோனைத் தட்டித் தாழ்த்தினாள். "இதை அழி."

"ஏய், உன் முகம் சூப்பரா வந்திருக்கு..."

"அழிடா!" கத்திய கத்தலில் ஓரமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. இக்கேர் அழித்தான்.

"கொஞ்சம் ஜோக்கா எடுத்துக்கக் கூடாதா?" என்றாள் மாயெல். குரல் சுருங்கியிருந்தது.

"ஜோக்கா? நீ செத்துடுவியோன்னு ஓடி வந்தேன்டி. தெருவுல பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. என் அம்மா நாளைக்குக் கப்பல் ஏறுறா. அந்தப் படியில கால் வைக்கிறப்போ என்ன நினைச்சேன் தெரியுமா? அஞ்சு வருஷமும் போகட்டும், இவ பிழைச்சா போதும்னு நினைச்சேன். உங்களுக்கு அது படம் பிடிக்கிற விஷயமா?"

"ஆனா அது நிஜம் இல்லையே, எந்தேலா. வெறும் மூடநம்பிக்கை..."

"கோபுரம் மூடநம்பிக்கையாவே இருக்கட்டும். உனக்கு மூச்சு முட்டுதுன்னு சொன்னதும் நான் வருவேன்கிறது? அதுவும் மூடநம்பிக்கைதானா?"

 எந்தேலா மருந்துக் குப்பியை அவள் கையில் திணித்துவிட்டு இறங்கினாள். ஏறும்போது தெரியாத படிகள் இறங்கும்போது ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கழன்ற செருப்பை யாரோ ஒரு புண்ணியவான் சுவரோரம் எடுத்து வைத்திருந்தார், போட்டுக்கொண்டாள். டிக்கெட் நினைவுக்கு வந்தது. மயங்கி விழுந்தவளைப் பார்க்கப் போகிறவளுக்கு டிக்கெட்டை யார் முன்கூட்டி வாங்கி வைப்பார்கள்? இதுகூடத் தோன்றாமல் ஓடியிருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கீழே இலேனியா ஐஸ் போட்ட காபி குடித்துக்கொண்டிருந்தாள். எந்தேலாவைப் பார்த்ததும் கையை விரித்துக்கொண்டு வந்தாள். "என்னடி இவ்ளோ சீக்கிரம் இறங்கிட்ட? எப்படி இருந்துச்சு?" பின்னாலேயே மாயெலும் இக்கேரும் மூச்சிரைக்க இறங்கி வந்தார்கள்.

எந்தேலா அவளைத் தொட விடவில்லை. "இலேனியா, அவங்க வெளிநாட்டுக்காரங்க. அவங்களுக்குத் தெரியாது, விடு. நீ இங்க படிக்கிறவ. உனக்குத் தெரியும்ல?"

"ஐயோ, ஒரு விளையாட்டுக்கு..."

"விளையாட்டுன்னா நீயும் மேல இருந்திருக்கணுமே. கொண்டாடுற இடத்துல நீ ஏன் இல்ல?"

"முழங்கால்னு சொன்னேனே."

"நேத்து ராத்திரி விருந்துல விடாம ஆடினியே, அந்த முழங்காலா?"

இலேனியா மாயெலைப் பார்த்தாள்; இக்கேரைப் பார்த்தாள். யாரும் கைகொடுக்கவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எனக்கு டிசம்பர்ல பட்டம்டி. எதுக்கு வம்புன்னு..."

 மாயெல் அவள் பக்கம் திரும்பினாள். "எங்ககிட்ட அது சும்மா பசங்க விளையாட்டுன்னு சொன்னியே?" இலேனியா காபிக் கோப்பையின் அடியில் இருந்த ஐஸைக் குலுக்கினாள். எந்தேலா நூலகத்தை நோக்கி நடந்தாள். அந்த வீட்டில் அன்று தன்னால் உட்கார முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை அவள் குழுவின் முன் நின்றாள். ஒவ்வொரு கேள்விக்கும் முன், இதோ இதிலே விழப்போகிறேன் என்று காத்திருந்தாள். விழவில்லை. தலைவர் எழுந்து பட்டத்தை அறிவித்தார். பின் வரிசையில் அப்பா சத்தமாக மூக்கைச் சிந்தினார். புது உடுப்பிலிருந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகக் கைதட்டினார்.

வெளியே மண்டபத்தில், பட்டம் வாங்கியவர் தலையில் வைக்கும் லாரல் இலைக் கிரீடத்தோடு இலேனியா காத்திருந்தாள். நல்ல கடையில் வாங்கிய, சிவப்பு ரிப்பன் கட்டிய கிரீடம். மாயெல் இரண்டடி தள்ளி, தலை நிமிராமல் நின்றாள். இலேனியா முகமெல்லாம் சிரிப்பாக முன்னே வந்தாள்.

"பார்த்தியா? ஏறின, பட்டமும் வாங்கிட்ட! ஒண்ணுமே ஆகலையே! இதுக்குப் போயி மூணு நாளா பேசாம இருந்தியே!"

எந்தேலா கிரீடத்தை வாங்கவில்லை.

"ஒண்ணும் ஆகாதுல்ல? அப்போ வா, இப்பவே போலாம். டிக்கெட் நான் எடுக்கிறேன். நீ ஏறு, நான் கீழ நிக்கிறேன்."

இலேனியாவின் சிரிப்பு அப்படியே நின்றது. சுற்றி யாராவது கேட்டார்களா என்று பார்த்தாள். அவள் கால் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"யாருடி இந்தப் பொண்ணு? உன் கூட்டாளியா?" என்று அம்மா தங்கள் மொழியில் கேட்டார்.

"கூட இருக்கிற பொண்ணும்மா" என்றாள் எந்தேலா. "வாங்க, சாப்பிடப் போலாம்."